ஏழு ஃபேன் இருந்தும் ஏன் சூடு? கேபினெட்டுக்குள் காற்று வழி தேடிய கதை

(ஒலிப்பதிவின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம். பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டுள்ளது.)

போன பகுதி வெளியானதும் நேயர் ஒருத்தர் குரல் பதிவு அனுப்பியிருந்தார். கல்லூரி மாணவர். ஒரு வருஷமா காசு சேர்த்து, பாகங்களைத் தனித்தனியா வாங்கி, வீட்டிலேயே ஒரு கம்ப்யூட்டர் அசெம்பிள் பண்ணியிருக்கார். முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி போட்ட கேபினெட். உள்ளே கலர் கலரா எரியுற ஃபேன் ஏழு. ஆனா ஒரு வீடியோவை ரெண்டரிங் போட்டா, பத்து நிமிஷத்துல சிபியு 90 டிகிரியைத் தாண்டுதாம். வேகம் குறையுது, ஃபேன் எல்லாம் கத்துது. பக்கவாட்டுக் கதவைக் கழட்டி வெச்சா சட்டுன்னு சூடு இறங்குது. அவர் கேட்ட கேள்வி இதுதான்: "அண்ணா, இன்னும் ரெண்டு ஃபேன் வாங்கிப் போடட்டுமா?"

வேண்டாம் தம்பி, கொஞ்சம் பொறுங்கன்னு பதில் போட்டேன். ஏன் வேண்டாம்னு சொல்லணும்னா நாற்பது வருஷத்துக்கு மேலான ஒரு கதையைச் சொல்லியாகணும். இன்னைக்கு அந்தக் கதைதான்.

அதுக்கு முன்னாடி ஒரு விஷயம். நம்ம வீட்டுச் சமையலறையில எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடுதுன்னு வெச்சுக்கோங்க. கதவு, ஜன்னல் எல்லாத்தையும் இறுக்கிச் சாத்திட்டா என்ன ஆகும்? ஃபேன் சுத்தும், சத்தம் போடும், புகை மட்டும் போகாது. வெளியே எவ்வளவு காற்று போகுதோ அவ்வளவு காற்று உள்ளே வந்தாகணும். கம்ப்யூட்டர் பெட்டிக்கும் இதே கணக்குதான். ரொம்பச் சின்ன உண்மை. ஆனா பெரிய பெரிய கம்பெனிகளே இதைத் திரும்பத் திரும்ப மறந்திருக்காங்க.

ஃபேனே வேண்டாம் என்று நினைத்தவர்கள்

1977-ல் ஆப்பிள் 2 வந்தது. அதுல ஃபேன் கிடையாது. ஃபேன் சத்தம் ஸ்டீவ் ஜாப்ஸுக்குப் பிடிக்காது. ராட் ஹோல்ட் என்ற பொறியாளர் அதுக்காக ஒரு ஸ்விட்ச்சிங் பவர் சப்ளையை வடிவமைத்தார். இன்னைக்கு நம்ம எல்லாரும் எஸ்எம்பிஎஸ்னு சொல்றோமே, அந்த வகைதான். பழைய வகை பவர் சப்ளை மின்சாரத்துல பெரும் பகுதியை வெப்பமா வீணாக்கும். இது அப்படி இல்லை. அதனால ஃபேன் இல்லாமலேயே சமாளிக்க முடிஞ்சுது.

ஆனா ஆப்பிள் 2-க்குள்ள எட்டு ஸ்லாட் இருந்தது. மக்கள் கார்டு மேல கார்டா செருக ஆரம்பிச்சாங்க, பெட்டி சூடாச்சு. உடனே கென்சிங்டன் என்ற நிறுவனம் "சிஸ்டம் சேவர்" என்ற பெயரில், பெட்டியோட பக்கத்துல மாட்டுற ஃபேன் ஒன்றை விற்க ஆரம்பிச்சது. வெளியிலிருந்து வாங்கி மாட்டுற ஃபேன் வியாபாரம் அப்பவே தொடங்கிடுச்சு.

அடுத்து 1980-ல் ஆப்பிள் 3. இந்த முறையும் ஃபேன் கிடையாது. கனமான அலுமினிய அடிப்பாகமே வெப்பத்தை வெளியே கடத்திடும்னு திட்டம். ஆனா மெஷின்கள் வரிசையா பழுதாச்சு. உள்ளே சிப்புகள் சாக்கெட்டை விட்டு லேசா எழும்பிடுதுன்னு கண்டுபிடிச்சாங்க. அதுக்கு ஆப்பிள் சொன்ன வைத்தியம் ரொம்பப் பிரபலம்: மெஷினைச் சில அங்குலம் தூக்கி, அப்படியே மேஜை மேல போடுங்க, சிப்பு திரும்ப உட்கார்ந்துக்கும்! கடைசியில் முதல் 14,000 மெஷின்களை மாற்றிக் கொடுக்க வேண்டியதாச்சு.

நியாயமா இன்னொரு தரப்பையும் சொல்லணும். அந்தப் பெட்டியை வடிவமைத்த ஜெர்ரி மேனக், வெப்பம் சரியாத்தான் வெளியே போச்சு, கோளாறு உள்ளே இருந்த சர்க்யூட் போர்டுலதான்னு மறுத்திருக்கார். இருந்தாலும் "ஃபேன் இல்லாம வெந்துபோன கம்ப்யூட்டர்" என்ற பெயர் ஆப்பிள் 3-ஐ விடவே இல்லை. 1984-ல் வந்த முதல் மேக்கின்டாஷிலும் ஃபேன் இல்லை. ஜாப்ஸ் கம்பெனியை விட்டுப் போன பிறகு, 1987-ல் மேக்கின்டாஷ் எஸ்இ மாடலில்தான் ஃபேன் வந்தது.

ஒரே ஒரு ஃபேன்

இந்தப் பக்கம் ஐபிஎம் 1981 ஆகஸ்டில் தன்னோட பிசியை வெளியிட்டது. அதோட பவர் சப்ளை மொத்தமே 63.5 வாட். சிபியு இன்டெல் 8088. அதுக்கு ஹீட்ஸிங்க்கூடக் கிடையாது, வெறும் சிப். பெட்டி முழுக்க ஒரே ஒரு ஃபேன், அதுவும் எஸ்எம்பிஎஸ்ஸுக்குள்ள. பெட்டிக்குள் இருக்குற காற்றை இழுத்துப் பின்பக்கமா வெளியே தள்ளும். அவ்வளவுதான் ஏற்பாடு. அப்போதைய சூட்டுக்கு அது போதுமானதா இருந்தது.

ஆனா ஒரு பக்கவிளைவு இருந்தது. ஃபேன் வெளியே மட்டும் தள்ளுது, உள்ளே இழுக்கத் தனி ஃபேன் இல்லை. அப்போ பெட்டிக்குள் அழுத்தம் வெளியைவிடக் கொஞ்சம் குறைவா இருக்கும். காற்று எந்த இடுக்கு கிடைக்குதோ அது வழியா உள்ளே வரும். அந்தக் காலத்து பிசியில் பெரிய இடுக்கு எது? ஃப்ளாப்பி டிரைவோட வாய். அது வழியா வந்த தூசி நேரா போய் டிரைவோட ஹெட் மேல படிஞ்சுது. இதைத்தான் இப்போ "நெகட்டிவ் பிரஷர்"னு சொல்றாங்க. உள்ளே வர்ற காற்றுக்கு நம்ம ஒரு வாசல் வெச்சுக் கொடுக்கலைன்னா, அது தானா ஒரு வாசலைத் தேடிக்கும். அந்த வாசல்ல ஃபில்டர் இருக்காது.

1993-ல் பென்டியம் வந்தப்போ நிலைமை மாறுச்சு. 66 மெகாஹெர்ட்ஸ் பென்டியம் ஏறக்குறைய 16 வாட் வரை வெப்பம் கக்கும். சிபியு தலைமேல ஹீட்ஸிங்க், அதுக்கு மேல குட்டி ஃபேன்னு வைக்கிறது பரவலாச்சு. இந்தக் குட்டி ஃபேன் என்ன செய்யுதுன்னு கவனிங்க. சிபியுவோட சூட்டை எடுத்துப் பெட்டிக்குள்ள இருக்குற காற்றுக்குக் கொடுக்குது. அவ்வளவுதான், பெட்டியை விட்டு வெளியே அனுப்பலை. மே மாசம் மொட்டை மாடிக்குக் கீழ் அறையில சீலிங் ஃபேன் போட்டா எப்படி இருக்கும்? அனல் காற்றையே சுத்திச் சுத்தி அடிக்கும். அதே கதைதான். சிபியு ஃபேன் சீலிங் ஃபேன் மாதிரி. கேபினெட் ஃபேன்தான் ஜன்னல்.

தலைகீழாப் போன ஒரு யோசனை

1995-ல் இன்டெல் ஏடிஎக்ஸ் என்ற தரநிலையை வெளியிட்டது. இன்னைக்கும் நம்ம மதர்போர்டு, கேபினெட் எல்லாம் அந்த அளவுலதான் வருது. அதை எழுதினவங்களுக்கு ஒரு சிக்கனமான யோசனை வந்தது. சிபியுவை எஸ்எம்பிஎஸ்ஸுக்குப் பக்கத்துல கொண்டுவருவோம். எஸ்எம்பிஎஸ் ஃபேனைத் திருப்பி, வெளிக்காற்றை உள்ளே ஊத வைப்போம். அந்தக் காற்று நேரா சிபியு மேல படும். சிபியுவுக்குத் தனி ஃபேனே வேண்டாம், செலவு மிச்சம்!

காகிதத்துல அருமையான யோசனை. ஆனா அந்தக் காற்று எது வழியா வருது? எஸ்எம்பிஎஸ் வழியா. அங்கேயே சூடாயிடுது. சூடான காற்றைத்தான் சிபியு மேல ஊதுறோம். வேகம் கூடக் கூட சிபியு அதிகமா வெப்பம் கக்குச்சு, எஸ்எம்பிஎஸ்ஸும் அதிகமா உழைச்சுச் சூடாச்சு. கொஞ்ச வருஷத்துலேயே அந்த யோசனையைக் கைவிட்டு, ஃபேனைப் பழையபடி வெளியே தள்ளுற பக்கம் திருப்பிட்டாங்க. ஆனா மதர்போர்டுல சிபியு, ஸ்லாட் எல்லாம் இருக்குற இடம் மாறலை. காற்று வரும் திசையை நினைச்சுப் போட்ட வரைபடம், அந்தத் திசையே மாறின பிறகும் அப்படியே நின்னுடுச்சு. அந்த வரைபடத்தோடதான் நம்ம இன்னைக்கும் குடித்தனம் பண்றோம்.

சத்தத்தின் காலம்

2000, 2001-ல் இன்டெல்லும் ஏஎம்டியும் மெகாஹெர்ட்ஸ் பந்தயத்துல இருந்தாங்க. ஏஎம்டியோட 1.4 கிகாஹெர்ட்ஸ் அத்லான் 72 வாட். அதைக் குளிர வைக்க ஆர்வலர்கள் டெல்டா கம்பெனியோட 60 மி.மீ. ஃபேனை மாட்டினாங்க. நிமிஷத்துக்கு 7,000 சுற்று ரகம். ஹேர் டிரையர் பக்கத்துல உட்கார்ந்து வேலை பார்க்குற மாதிரி.

2001 செப்டம்பரில் டாம்ஸ் ஹார்டுவேர் ஒரு சோதனையை வீடியோவா எடுத்துக் காட்டுச்சு. ஓடிக்கிட்டு இருக்குற கம்ப்யூட்டர்ல சிபியு மேல இருக்குற ஹீட்ஸிங்கைத் தூக்கிட்டா என்ன ஆகும்? அத்லான் புகைஞ்சு செத்துப்போச்சு. பென்டியம் 4 மட்டும் தன் வேகத்தைத் தானே குறைச்சுக்கிட்டு உயிரோட இருந்தது. நம்ம மாணவர் "வேகம் குறையுது"ன்னு சொன்னாரே, அது கோளாறு இல்லை. அதே பாதுகாப்பு ஏற்பாடுதான் அவர் சிபியுவைக் காப்பாத்திக்கிட்டு இருக்கு.

இந்தச் சத்தத்துக்கு எதிர்வினையா ஒரு சின்னக் கூட்டம் உருவாச்சு. 2002-ல் கனடாவின் வான்கூவரிலிருந்து மைக் சின் என்பவர் சைலன்ட் பிசி ரிவ்யூ என்ற தளத்தைத் தொடங்கினார். ஒவ்வொரு ஃபேனா எடுத்து, எவ்வளவு காற்று, எவ்வளவு சத்தம்னு அளந்து எழுதினாங்க. ஃபேனோட கறுப்பு ஒயரை எர்த்துல கொடுக்காம 5 வோல்ட் ஒயர்ல கொடுத்தா, 12-க்கும் 5-க்கும் உள்ள வித்தியாசமான 7 வோல்ட்ல ஃபேன் மெதுவா ஓடும். இந்த "7 வோல்ட் வித்தை" அந்தக் காலத்து ஆர்வலர்கள் எல்லாருக்கும் தெரியும்.

இதுக்குப் பின்னாடி இருக்குற விதி ரொம்ப முக்கியம். ஒரு ஃபேனோட வேகத்தைப் பாதியாக்கினா, காற்றும் பாதியாகுது. ஆனா அது எடுக்கும் சக்தி எட்டுல ஒரு பங்காகுது. சத்தம் ஏறக்குறைய 15 டெசிபெல் இறங்குது. அதாவது காற்றுல பாதியை இழந்தா சத்தத்துல பெரும்பகுதி போயிடுது. இழந்த காற்றை எப்படி ஈடுகட்டுறது? ஃபேனைப் பெரிசாக்கணும். 80 மி.மீ. ஃபேனைவிட 120 மி.மீ. ஃபேனோட பரப்பு 2.25 மடங்கு. அப்போ மெதுவாச் சுத்தினாலே போதும். கேபினெட்டுகளில் 80 போய் 120 வந்ததுக்கும், இப்போ 140, 180 வரை போறதுக்கும் காரணம் இதுதான்.

2004-ல் இன்டெல் நாலு பின் ஃபேன் இணைப்பைக் கொண்டுவந்தது. வோல்டேஜைக் குறைக்காம, நாலாவது ஒயர் வழியா நொடிக்கு 25,000 முறை சைகை அனுப்பி வேகத்தைக் கட்டுப்படுத்துறது. பிடபிள்யூஎம்னு பெட்டியில போட்டிருக்குமே, அது. 7 வோல்ட் வித்தைக்கு அதோட அவசியம் இல்லாமப் போச்சு.

தோற்ற பிடிஎக்ஸ், ஜெயித்த பாதை

அதே 2004-ல் வந்த பிரெஸ்காட் பென்டியம் 4-இன் வேகமான மாடல்கள் 100 வாட்டைத் தாண்டின. இன்டெல்லுக்கே கவலை வந்தது. அவங்க கேபினெட் தயாரிப்பவர்களுக்கு ஒரு இலக்கு வெச்சிருந்தாங்க: அறை வெப்பம் 35 டிகிரியா இருந்தாலும், சிபியு ஃபேனுக்குள் போற காற்று 38 டிகிரியைத் தாண்டக் கூடாது. பெட்டிக்குள் காற்று 3 டிகிரிக்கு மேல சூடாகக் கூடாதுன்னு அர்த்தம். அதுக்காகப் பக்கவாட்டுக் கதவுல ஓட்டை போட்டு, சிபியு வரை ஒரு பிளாஸ்டிக் குழாய் வெச்சாங்க. பழைய கேபினெட்டுகளில் பார்த்திருப்பீங்க.

பிறகு வேரிலேயே கை வெச்சாங்க. 2003-ல் அறிவிச்ச புதுத் தரநிலைக்குப் பேர் பிடிஎக்ஸ். முன்பக்கம் ஒரு பெரிய ஃபேன். அதுக்கு நேர் பின்னாடி சிபியு. அதுக்கப்புறம் சிப்செட். கிராபிக்ஸ் கார்டும் காற்று ஓடும் அதே நேர்கோட்டுல. ஏடிஎக்ஸ் டவரில் கீழ்நோக்கித் தொங்குற கிராபிக்ஸ் கார்டோட ஃபேன் பக்கம் இதுல மேல்நோக்கி இருக்கும். குளிர்ந்த காற்று முன்னாடி நுழைஞ்சு, எல்லாத்தையும் தொட்டு, பின்னாடி வெளியேறும். முதன்முறையா காற்றோட பாதையை வரைஞ்சுட்டு, அதுக்கப்புறம் பாகங்களை வெச்சாங்க.

டெல் மாதிரியான சில நிறுவனங்கள் பயன்படுத்தினாங்க. ஆனா தனியா பாகம் வாங்கி அசெம்பிள் பண்றவங்க கிட்ட அது எடுபடலை. புது மதர்போர்டு வேணும், புது கேபினெட்டும் வேணும். மெமரி கன்ட்ரோலரை சிபியுவுக்குள்ளேயே வெச்சிருந்த ஏஎம்டிக்கு அந்த வரைபடம் தோதுப்படலை. அதுக்குள்ள 2006-ல் கோர் 2 டுவோ வந்து, சிபியு 65 வாட்டுக்கு இறங்கிடுச்சு. அவசரம் தீர்ந்தது. அதே வருஷம் இன்டெல் பிடிஎக்ஸ் திட்டத்தை நிறுத்திக்கிச்சு.

தரநிலை தோத்துப்போச்சு. ஆனா அது காட்டின பாதை ஏடிஎக்ஸ் கேபினெட்டுக்குள்ளேயே புகுந்துடுச்சு. 2005-ல் ஆன்டெக் நிறுவனம் மைக் சின் ஆலோசனையோட பி180 என்ற கேபினெட்டைக் கொண்டுவந்தது. அதுல எஸ்எம்பிஎஸ் கீழே ஒரு தனி அறைக்குப் போச்சு. அதோட சூடு அதோட போகட்டும், மேலே சிபியு பக்கம் வரவேண்டாம்னு ஏற்பாடு. இப்போ நம்ம வாங்குற கேபினெட்டில் எஸ்எம்பிஎஸ் கீழே இருக்கக் காரணமே இந்த யோசனை பரவினதுதான். 2014-ல் என்இசட்எக்ஸ்டி எச்440 சிடி டிரைவ் வைக்கிற இடத்தையே எடுத்துடுச்சு. எஸ்எஸ்டி வந்ததால ஹார்டு டிஸ்க் கூண்டும் தேவையில்லாமப் போச்சு. முன் ஃபேனுக்கும் சிபியுவுக்கும் நடுவுல இருந்த தடை எல்லாம் விலகிடுச்சு.

பாதை இப்படித் திறந்த நேரத்துலதான் வாசலை அடைச்சாங்க. 2016, 2017 வாக்கில் டெம்பர்டு கிளாஸ் மோகம் வந்தது. பக்கவாட்டுல கண்ணாடி வெச்சா பிரச்சினை இல்லை. ஆனா முன்பக்கமும் கண்ணாடி போட்டு, ஓரத்துல விரல் நுழையாத இடைவெளி மட்டும் விட்டாங்க. கேமர்ஸ் நெக்சஸ் மாதிரி ஆய்வு செய்யறவங்க முன் மூடியைக் கழட்டியும் மாட்டியும் அளந்து காட்டி, வித்தியாசத்தைப் போட்டு உடைச்சாங்க. சந்தை மெல்லத் திரும்புச்சு. 2017-ல் ஃபிராக்டல் டிசைனோட மெஷிஃபை சி முன்பக்கம் வலையோட வந்தது. 2021-ல் அதே நிறுவனத்தோட டோரன்ட், முன்னாடி ரெண்டு 180 மி.மீ. ஃபேனோட, எஸ்எம்பிஎஸ்ஸையே மேலே தூக்கி வெச்சுக் காற்றுக்கு முழு வழி விட்டது.

இதுக்கெல்லாம் தேவை இருந்தது. 2025-ல் வந்த ஆர்டிஎக்ஸ் 5090 கிராபிக்ஸ் கார்டு மட்டுமே 575 வாட். 1981-ல் ஐபிஎம் பிசி முழுசுக்கும் இருந்த பவர் சப்ளையைப் போல ஒன்பது மடங்கு. அந்தச் சூட்டுல பெரும்பகுதி கேபினெட்டுக்குள்ளேயேதான் விழுது.

தம்பிக்குப் பதில்

இப்போ நம்ம மாணவர் கிட்ட வருவோம். அவரை மூணு காரியம் செய்யச் சொன்னேன்.

முதல்ல ஒரு சோதனை. பக்கவாட்டுக் கதவை மூடியே வைங்க. முன்பக்கக் கண்ணாடியை மட்டும் கழட்டிட்டு, அதே வீடியோவை 20 நிமிஷம் ரெண்டர் பண்ணுங்க. அறை வெப்பத்தையும் குறிச்சுக்கோங்க. சூடு நல்லா இறங்கினா, ஃபேன் போதலைன்னு அர்த்தம் இல்லை. வாசல் அடைபட்டிருக்குன்னு அர்த்தம்.

ரெண்டாவது, ஏழு ஃபேனும் எந்தத் திசையில ஊதுதுன்னு பாருங்க. பொதுவா குறுக்குக் கம்பி தாங்கியிருக்குற பக்கம்தான் காற்று வெளியேறும். சந்தேகம்னா ஒரு துண்டு டிஷ்யூ பேப்பரைக் காட்டிப் பார்க்கலாம். அவர் பார்த்துட்டுச் சொன்னார்: முன்னாடி மூணு உள்ளே இழுக்குது, மேலே மூணு, பின்னாடி ஒண்ணு வெளியே தள்ளுது. முன் மூணும் கண்ணாடியைப் பார்த்து மூச்சு முட்டிக்கிட்டு இருக்கு. மேலே முன்வரிசையில இருக்குற ஃபேன், உள்ளே வந்த கொஞ்சநஞ்சக் குளிர்காற்றையும் சிபியு வரை போக விடாம வெளியே தூக்கிப் போட்டுடுது. "சூடான காற்று மேலேதான் போகும், அதனால மேலே ஃபேன் வேணும்"னு பலர் சொல்லுவாங்க. சூடான காற்று தானா எழும்புற வேகம், மெதுவா ஓடுற ஒரு ஃபேனுக்கு முன்னாடிகூட ஒண்ணுமே இல்லை.

மூணாவது, குறைச்சுப் பாருங்கன்னு சொன்னேன். முன்னாடி மூணு உள்ளே, பின்னாடி ஒண்ணு வெளியே. மேலே மூணையும் நிறுத்திடுங்க. உள்ளே வர்றது வெளியே போறதைவிடக் கொஞ்சம் கூட இருந்தா, தூசி ஃபில்டர் வழியாத்தான் வரும், இடுக்கு வழியா வராது. அதுல இருந்து ஒவ்வொண்ணா சேர்த்து அளந்து பாருங்க. வித்தியாசம் தெரியாத ஃபேன் வெறும் சத்தம்தான்.

ஒரு எச்சரிக்கையும் சொன்னேன். எத்தனை ஃபேன் போட்டாலும் பெட்டிக்குள் காற்று அறை வெப்பத்தைவிடக் கீழே போகாது. இன்டெல் மோசமான நிலைமைன்னு கணக்குல எடுத்தது 35 டிகிரி அறை. நம்ம ஊர்ல மே மாசம் மதியம், ஏசி இல்லாத அறை அதைச் சாதாரணமா தாண்டும். அதனால இணையத்துல ஐரோப்பாக்காரர் ஒருத்தர் காட்டுற டிகிரியோட உங்க டிகிரியை ஒப்பிட்டு மனசு உடைஞ்சு போகாதீங்க. அறைக்கும் சிபியுவுக்கும் இடையில எவ்வளவு வித்தியாசம்னு மட்டும் பாருங்க.

இந்தப் பகுதியைப் பதிவு செய்யறதுக்கு முந்தின நாள் அவர்கிட்ட இருந்து பதில் வந்தது. முன்பக்கக் கண்ணாடியைக் கழட்டினதும் 12 டிகிரி குறைஞ்சிருக்கு. மேலே மூணு ஃபேனை நிறுத்தியும் சூடு ஏறலை. கண்ணாடிக்குப் பதிலா மெல்லிய கம்பி வலை ஒண்ணு வெட்டி மாட்டப் போறாராம். பழைய அழகு இல்லைதான்னு கொஞ்சம் வருத்தப்பட்டார். ஆனா ராத்திரி ரெண்டரிங் போட்டுட்டு அதே அறையில தூங்க முடியுதுன்னார். ரெண்டு ஃபேனுக்கு எடுத்து வெச்ச காசு அப்படியே இருக்கு. அதுல கூடுதலா ஒரு ரேம் வாங்கலாமான்னு அடுத்த கேள்வி கேட்டிருக்கார்.

அதை அடுத்த பகுதியில் பேசலாம். உங்க கேபினெட்டில் இந்தச் சோதனையைச் செஞ்சு பார்த்து, என்ன வித்தியாசம் கிடைச்சதுன்னு எழுதுங்க.